உலக்கையின் கற்பு

காரைக்குடிக்கு ரயில் வந்த புதிதில், அதில் ஏறி வந்து இறங்கிய முதல் அதிசயம் சத்தியதீர்த்தச் சாமி. சாமிக்கு ஆகாயத்தில் பறக்கத் தெரியுமாம். மூட்டை கனமாக இருந்ததால்தான் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தாராம். இதைச் சொன்னவன் சாமியின் சீடன் பெத்தன். கேட்டவர்கள் சிரித்திருக்க வேண்டும். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கோட்டையூர் ஊருணிக் கரையில் பந்தல் எழும்பியது. சாமி வியாதி தீர்ப்பதில்லை, புதையல் காட்டுவதில்லை, பேய் ஓட்டுவதுமில்லை. அவருடைய தொழில் ஒன்றே ஒன்றுதான். புருஷன் கடல் கடந்து பிழைக்கப் போயிருந்த காலத்தில் பெண்சாதி எப்படி இருந்தாள் என்பதைத் தண்ணீரை விட்டுச் சொல்ல வைப்பார். அந்தச் சீமையில் இதைவிட நல்ல தொழில் வேறு கிடையாது. ரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ ஓர் ஆண்பிள்ளை இல்லாத வீடு எந்தத் தெருவில் இருந்தது? போன ஆண்பிள்ளைகள் போன இடத்தில் எப்படி இருந்தார்கள் என்று சொல்லும் தண்ணீர் மட்டும் ஏனோ இன்னும் எந்த மலையிலும் ஊறவில்லை.

சோதனை இப்படி நடக்கும். சாமிக்கு முன்னால் ஒரு வெள்ளை எனாமல் வட்டகை. பெத்தன் குடத்திலிருந்து அதில் தீர்த்தம் ஊற்றுவான். சாமி தன் மடிப்பையிலிருந்து திருநீறு எடுத்துப் பெண்ணின் உள்ளங்கையில் தேய்ப்பார். அந்தக் கையை அவள் தீர்த்தத்தில் முக்க வேண்டும். உத்தமி என்றால் கை கையாகவே வெளியே வரும். இல்லையென்றால் கன்னங்கரேல் என்று வரும். தண்ணீரும் கறுக்கும், கையும் கறுக்கும், குடும்பத்தின் முகமும் கறுக்கும்.

குன்றக்குடி முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் முதலில் வழியில் எட்டிப் பார்த்தார்கள். பிறகு முருகனை விட்டுவிட்டு நேரே இங்கேயே வந்தார்கள். பாவம், முருகனுக்கு யார் கையையும் கறுப்பாக்கத் தெரியாது.

பெரிய வீடுகளுக்குச் சாமியே நடந்து போனார். அங்கே ஒரு ஆச்சியின் கைகூடக் கறுக்கவில்லை. அந்த வீட்டுச் செட்டியார்களான அப்பச்சிமார் பட்டும் பழமுமாகத் தட்டு நிறைத்து அனுப்பினார்கள். தீர்த்தத்துக்கு ஆள் பார்த்துப் பேசத் தெரிந்திருந்தது.

கறுத்த கைக்குப் பரிகாரமும் இருந்தது. சாமி மந்திரித்த எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தேய்த்தால் கறுப்பு போய்விடும். பழத்துக்குச் சந்தையில் ஒரு விலை, சாமியிடம் ஒரு விலை. சாமியிடம் வாங்கியவர்கள் காதில் தோடில்லாமல் வீடு திரும்பினார்கள்.

பொன்னுத்தாயியிடம் தோடு இல்லை. அவள் புருஷன் ஐயனார் பினாங்கில் தோட்டக்கூலியாக இருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவன். ஊரோடு ஒத்துப்போக அவளைப் பந்தலுக்குக் கூட்டிப் போனான். கை கறுத்தது. பரிகாரத்துக்கு வழியில்லை என்றதும் அன்றைக்கே அவளைத் தெற்குத் தெருவில் இருந்த தாய்வீட்டில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டு வந்தான். கட்டிய தாலியை நம்பாதவன் வட்டகையை நம்பினான்.

பொன்னுத்தாயியின் சிநேகிதி சோலையம்மாள். ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தவர்கள், ஒரே வயலில் களை பறித்தவர்கள். சோலையம்மாளின் புருஷன் முத்துவீரன் ரங்கூனில் ஒரு செட்டியாரின் வட்டிக்கடைக் கிட்டங்கியில் சமையல்காரன். மூன்று வருஷம் கழித்து அப்போதுதான் ஊர் வந்திருந்தான். பெட்டியும் சட்டையும் பர்மாக் குடையுமாக அவன் தெருவில் நடந்ததைப் பெத்தன் நின்று பார்த்தான். நல்ல சீடன். ஊரில் யார் வருகிறார்கள், என்ன கொண்டுவருகிறார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்துதான் சாமிக்கு ஞானதிருஷ்டியில் தெரியும்.

மறுநாளே சோலையம்மாளின் மாமியார் காளியாயி ஆரம்பித்தாள்.

"வெள்ளிக்கெழம சாமிகிட்டப் போயிட்டு வந்துருவோம்த்தா."

"எதுக்கு அயித்தை?"

"எதுக்கா? மேலவீட்டுக்காரி போயிட்டு வந்துட்டா. நாகவல்லி போயிட்டு வந்துட்டா. நீ போகலைன்னா நாலு பேரு என்ன சொல்லுவாக?"

"என்ன சொல்லுவாக?"

"பயப்படுறான்னு சொல்லுவாக."

காளியாயி கெட்டவள் இல்லை. மருமகள்மேல் அவளுக்குச் சந்தேகமும் இல்லை. ஊரில் அப்போது நடமாடிய நியாயத்தைத்தான் அவளும் பேசினாள். போகாதவள் பயப்படுகிறாள். பயப்படுகிறவள் தப்புச் செய்தவள். தப்புச் செய்தவள்தான் போகமாட்டாள். இந்த வளையத்துக்குள் மாட்டிய பெண் வெளியே வர வட்டகை ஒன்றுதான் வாசல்.

சோலையம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவன் ரங்கூன் பெட்டியின் பூட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நீங்க என்ன சொல்றீக?"

"எனக்கொண்ணும் இல்ல புள்ள. ஊர் வாய அடைக்கணும்ல? சும்மா ஒருக்கா முக்கிட்டு வந்துரு."

சும்மா ஒருக்கா. மூன்று வருஷம் அவன் அனுப்பியது போதாமல் களை பறித்து, நாற்று நட்டு, அவன் தாய்க்கு வயிற்றுவலி வந்தபோதெல்லாம் கஷாயம் வைத்துக் கொடுத்தவளுக்கு அந்தச் சும்மா தொண்டையில் முள்ளாகக் குத்தியது. அவள் சண்டை போடவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போகிற மாதிரி தெற்குத் தெருவுக்குப் போனாள்.

அங்கே பொன்னுத்தாயி எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சும்மா உட்கார்ந்து அழுகிறவளுக்கு ஊறுகாய் வேலையாவது கொடுப்போமென்று அவள் தாய் ஒரு கூடையை முன்னால் வைத்திருந்தாள். சோலையம்மாள் சிநேகிதியின் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"எங்கடி கறுப்பு?"

பொன்னுத்தாயியும் அப்போதுதான் பார்த்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்தும், செங்கல் வைத்து உரசியும் போகாத கறுப்பு, பழச்சாறு பட்ட இடமெல்லாம் வெளுத்திருந்தது. விரல் இடுக்கில் மட்டும் கொஞ்சம் மிச்சம்.

"சாமி மன்னிச்சிருச்சுடி!" என்று பொன்னுத்தாயி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எந்தச் சாமி? இந்தப் பழத்த யாரு மந்திரிச்சா?"

"எங்க ஆத்தா சந்தையில வாங்கியாந்துச்சு."

அப்படியானால் பாவம் ஊறுகாயில் கரைந்துவிட்டது. சோலையம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் சிநேகிதி வருத்தப்படுவாள் என்று அடக்கிக்கொண்டாள். "அன்னைக்கு என்னடி நடந்துச்சு? ஒண்ணு விடாமச் சொல்லு" என்றாள்.

பொன்னுத்தாயி சொன்னாள். சாமி திருநீறு தேய்த்தது. பயத்தில் அழுகை வந்து, அந்தக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டது. பிறகு கையைத் தீர்த்தத்தில் முக்கியது. "வாயில பட்ட துந்நூறு ஒரே துவர்ப்புடி. கடுக்காயக் கடிச்ச மாதிரி. வீடு வந்து தண்ணி குடிச்சும் போகல."

திருநீறு எங்கேயாவது துவர்க்குமா?

சோலையம்மாள் வீட்டுக்கு வந்தாள். காளியாயி மத்தியானத் தூக்கத்தில் இருந்தாள். அடுப்படியில் கடுக்காய் இருந்தது. ஒன்றை இடித்துப் பொடியை விரலில் தேய்த்துத் தண்ணீரில் முக்கினாள். ஒன்றும் ஆகவில்லை. விரல் மஞ்சளும் பழுப்புமாக வந்தது. அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. நல்லவளாக இருப்பது ஒரு பெண்ணுக்கு ஏமாற்றமாக இருந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு தடவை அவசரத்துக்கு இரும்புச் சட்டியில் கடுக்காய்க் கஷாயம் காய்ச்சிவிட்டாள். கஷாயம் மசியாகக் கறுத்துப்போய், காளியாயி "என்னத்தடி ஊத்துன, என்னையக் கொல்லப் பாக்குறியா?" என்று கத்தி, ஊரைக் கூட்டியிருந்தாள்.

பரண்மேல் துருப்பிடித்துக் கிடந்த பழைய சட்டியை இறக்கினாள். புளித்த நீராகாரத்தை அதில் ஊற்றி மூடி வைத்தாள். மறுநாள் அந்தத் தண்ணீரை வடித்துக் கடுக்காய்ப் பொடி தடவிய விரலை முக்கினாள். விரல் கறுத்தது. நீலமும் கறுப்புமாக, பொன்னுத்தாயியின் கை கறுத்த அதே கறுப்பு. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தேய்த்தாள். கெட்டுப்போன விரல் திரும்ப உத்தமியாயிற்று.

விஷயம் அவ்வளவுதான். பொடியில் கடுக்காய் இருக்கிறது. தண்ணீரில் இரும்புச் சம்பந்தமாக ஏதோ இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கறுப்பு. நிசமான திருநீறு தேய்த்தால் கறுக்காது. எந்தக் கைக்கு எந்தப் பொடி என்பதைச் சாமியின் மடிப்பை தீர்மானிக்கிறது.

மாமியாரிடம் சொன்னாள். "சாமிய அப்படியெல்லாம் பேசாதடி, கண்ணு அவிஞ்சு போயிரும்" என்று காளியாயி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். புருஷனிடம் சொன்னாள். "நாம ஏன் ஊரோட மல்லுக்கட்டணும்?" என்றான்.

"சரி. வெள்ளிக்கெழம போவோம்" என்றாள் சோலையம்மாள்.

வெள்ளிக்கிழமை பந்தலில் ஊசி விழ இடமில்லை. காளியாயி முட்டையிடும் கோழி ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டுவந்து, பெத்தன் காலில் விழுந்து கொடுத்திருந்தாள். முன்வரிசையில் ஊர்ப் பெரியவர்கள், கணக்குப்பிள்ளைகள், நாட்டு மருந்துக்கடை செம்மலை, எல்லோரும் நெற்றி நிறையத் திருநீற்றோடு. பந்தலோரத்தில் அன்னதானத்துக்காகச் சிலர் உரலில் நெல் குத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெண்களின் மானம், வெளியே நெல். இரண்டும் ஒரே நேரத்தில் குத்துப்பட்டன.

சாமி கண்ணை மூடியிருந்தார். பெத்தன் அவர் காதருகே குனிந்து நிமிர்ந்தான். சாமி கண்ணைத் திறந்தார்.

"ரங்கூனிலிருந்து ஒருவன் வந்திருக்கிறான்" என்றார்.

கூட்டம் 'ஆகா' என்றது. பர்மாக் குடையோடு நிற்பவனைப் பார்த்து ரங்கூன் என்று கண்டுபிடிக்க எத்தனை வருஷம் தவம் செய்திருக்க வேண்டும்!

சோலையம்மாள் முன்னால் போய் உட்கார்ந்தாள்.  தன் கணக்குத் தப்பாகிவிட்டால் இன்றைக்கே தெற்குத் தெருவில் இன்னொரு ஊறுகாய்க் கூடைதான் என்று அவளுக்குத் தெரியும். பெத்தன் வட்டகையில் புதிதாகத் தீர்த்தம் ஊற்றினான். சாமியின் கை மடிக்குள் போனது. சோலையம்மாள் அந்தக் கையையே பார்த்தாள். வலது பக்கப் பைக்குப் போன கை நின்று, இடது பக்கப் பைக்கு மாறியது.

"சாமி, துந்நூறு தேய்க்க முந்தி ஒருக்கா வெறுங்கைய முக்கிக்கிறேன்" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் முக்கினாள். எடுத்துத் தூக்கிக் காட்டினாள். "எல்லாரும் பாத்துக்கங்க. கறுக்கல."

"முறை தவறுகிறாய் பெண்ணே!" என்று சாமி உறுமினார். "நீறு பட்டால்தான் தீர்த்தம் பேசும்."

"சரிங்க சாமி. குடுங்க." கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

சாமி ஒரு பிடி பொடியை உள்ளங்கையில் வைத்தார். தேய்ப்பதற்குள் அவள் கையை இறுக மூடிக்கொண்டு எழுந்துவிட்டாள். நேரே உரலடிக்குப் போய், நெல் குத்திக்கொண்டிருந்தவளிடமிருந்து உலக்கையை வாங்கினாள். பூண் இல்லாத பக்கத்தில் கொஞ்சம் பொடியை அப்பினாள். கூட்டம் என்ன ஏதென்று புரிந்துகொள்வதற்குள் திரும்பி வந்து உலக்கையை வட்டகையில் இறக்கினாள்.

எடுத்தபோது அது கரிக்கட்டையாக இருந்தது. வட்டகைத் தண்ணீரும் கறுத்தது.

பின்வரிசை எழுந்து நின்று பார்த்தது.

"சாமி" என்றாள் சோலையம்மாள், "இந்த உலக்கைக்குப் புருஷன் எந்த ஊருக்குப் போயிருக்கான்? இது யாரோட ஓடிப்போச்சு?"

எங்கோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். சாமி லேசுப்பட்டவர் இல்லை. பல ஊர்த் தண்ணீர் குடித்தவர். "மூடப் பெண்ணே!" என்று எழுந்தார். "அந்த உலக்கையை எத்தனை பெண்கள் தொட்டார்கள்? அவர்கள் பாவமெல்லாம் அதில் ஏறியிருக்கிறது! தீர்த்தம் அதைத்தான் காட்டுகிறது!"

கூட்டம் என்ன செய்தது என்று நினைக்கிறீர்கள்? தலையை ஆட்டியது! "அதானே பாத்தேன்" என்றார் ஒரு பெரியவர். நெல் குத்தியவர்கள் பயந்துபோய்த் தங்கள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்கள். ஒரு நிமிஷம் சோலையம்மாளுக்கே தலை சுற்றியது. கண் முன்னால் கறுத்த உலக்கையைப் பார்த்துவிட்டு, அதற்கும் ஒரு கள்ளப்புருஷனைத் தேடுகிற ஜனங்களிடம் என்னத்தைச் சொல்வது?

அப்போது சாமியின் தண்டம் கண்ணில் பட்டது. வெள்ளிப் பூண் போட்ட வெளுத்த மூங்கில் தடி. இமயமலையில் கிடைத்தது, சாமி தவிர யார் தொட்டாலும் எரிந்து சாம்பலாவார்கள் என்று பெத்தன் தினமும் சொல்கிற தடி.

"அப்ப உங்க தடிய யாரும் தொடலயில்ல சாமி?" என்றவள் அதைச் சட்டென்று பிடுங்கினாள். எரியவில்லை. கறுத்த தண்ணீரைக் கீழே கொட்டினாள். பக்கத்திலிருந்த குடத்தைச் சாய்த்து வட்டகையில் புதுத் தீர்த்தம் ஊற்றினாள். கையில் மிச்சமிருந்த பொடியைத் தடியில் தடவி முக்கினாள்.

தடி கன்னங்கரேல் என்று வந்தது.

அவள் அதைப் பந்தல் முழுக்கத் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள். "இதத் தொட்டது இவுக ஒருத்தருதான். இப்ப யாரு பாவம் இது? நீங்களே சொல்லுங்க சாமி."

இந்தத் தடவை சிரித்தது ஒருவன் இல்லை. பின்வரிசையில் தொடங்கிய சிரிப்பு முன்வரிசைக்கு வந்து, ஊர்ப் பெரியவர்களையும் குலுக்கியது. சாமி மந்திரம் சொல்லப் பார்த்தார். வாயிலிருந்து வந்தது "பெத்தா, மூட்டை!" என்பதுதான். பெத்தன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் பாய்ந்தான். அங்கே நின்றிருந்த காளியாயி காலை நீட்டினாளா, அவன்தான் தடுக்கினானா என்பது இன்றுவரை தெரியாது. விழுந்த மூட்டை அவிழ்ந்தது. தோடும் மூக்குத்தியும் பட்டும் சிதறின. அவற்றோடு ஒரு பை கடுக்காய்ப் பொடி, ஒரு பொட்டலம் பச்சை நிறக் கட்டிகள்.

செம்மலை அந்தக் கட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அட, இது அன்னபேதியில்ல, இரும்புல எடுக்குற உப்பு! என் கடையிலதான வந்து இந்தச் சீடப்பய வாங்கிட்டுப் போனான்!"

முன்வரிசைக் கணக்குப்பிள்ளை ஒருவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கடுக்காயும் அன்னபேதியும்! நாங்க எழுதுற மையாச்சே!"

ஆமாம். எழுதுகிற மை. ஆயுசு முழுக்க அந்த மையைத் தன் கையாலேயே கலக்கித் தொட்டு எழுதியவர், விரல் நுனியில் அதே கறையோடு உட்கார்ந்து, எதிரில் ஒரு பெண்ணின் கை கறுத்தபோதெல்லாம் 'சிவ சிவா' என்று சொல்லிக்கொண்டிருந்தார். விற்றவர் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"என் கோழியக் குடுடா!" என்று காளியாயி பெத்தனின் குடுமியைப் பிடித்தாள். சற்று முன்னால் அவன் காலில் விழுந்தவளும் அவள்தான்.

சாமியை நாலு பேர் பிடித்து உட்கார வைத்தார்கள். ஆட்கள் போலீசுக்கு ஓடினார்கள். அந்தக் கலவரத்துக்கு நடுவில் சோலையம்மாள் புருஷன் நின்ற பக்கம் திரும்பினாள். முத்துவீரன் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதையோ பார்க்கிற மாதிரி நின்றிருந்தான்.

"மூணு வருஷம் ரங்கூன்ல இருந்தீகளே" என்றாள். "உங்க கைய யாராச்சும் முக்கச் சொன்னாகளா? நான் சொன்னேனா?"

அவன் குடையைக் கீழே வைத்தான். சிதறிக் கிடந்த பொடியை அள்ளி உள்ளங்கையில் தேய்த்து, வட்டகையில் மணிக்கட்டுவரை முக்கினான். கறுத்த கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வா, போவோம்" என்று அவளிடம் சொன்னான். அதை மறைக்காமல் தெரு நெடுக வீசிக்கொண்டே நடந்தான். அந்தக் கறுப்பில் எவ்வளவு கடுக்காய், எவ்வளவு நிசம் என்று சோலையம்மாள் கேட்கவில்லை. எலுமிச்சம்பழமும் கொடுக்கவில்லை. அது தானாகத் தேயும் மட்டும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

நகைகள் அவரவர் காதுக்கும் மூக்குக்கும் திரும்பின. போன மானத்தைத் திருப்பித் தருவதற்குத்தான் மூட்டையில் எதுவும் இல்லை.

ஐயனார் தெற்குத் தெருவுக்குப் பெண்சாதியைக் கூப்பிடப் போனான். வாசலில் நின்று, பெரிய மனது பண்ணுகிறவனைப் போலச் சொன்னான்:

"அதான் கை வெளுத்துருச்சுல்ல. கெளம்பு, வீட்டுக்குப் போவோம்."

பொன்னுத்தாயி ஊறுகாய் ஜாடியை மூடி, வாயில் துணியால் வேடு கட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"என் கை எப்பவோ வெளுத்துருச்சு. உங்க புத்தி வெளுக்கட்டும், பெறகு வாறேன்."

ஐயனார் வாசலிலேயே நின்றான். அவனுக்குப் பின்னால், வேடிக்கை பார்க்க வந்த பாதி ஊர் நின்றது. ஒருவர் கையை ஒருவர் பார்த்துப் பழகியிருந்த அந்த ஊர், அன்றைக்குத்தான் தன் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றது. ஒக்கூர்ப் பக்கம் புதிதாக ஒரு சாமி வந்திருக்கிறாராம், வெட்டினால் தேங்காயில் ரத்தம் வருகிறதாம் என்று கூட்டத்தில் யாரோ ஒருவன் அப்போதே கிசுகிசுத்தான். போகிறவர்கள் போகலாம். போகும்போது, சோலையம்மாள் உலக்கையைக் காட்டிக் கேட்டாளே, அந்த மாதிரி ஒரே ஒரு கேள்வியையும் கூட எடுத்துக்கொண்டு போங்கள். அதற்குக் காணிக்கை கிடையாது.